பிடிப்பை எடுத்த பிறகு: முதுகெலும்பு நலத்தில் கைமுறைச் சிகிச்சையும் உடற்பயிற்சியும்

கடலூர் மாவட்டத்தின் பொருளியல் வாழ்வில் பெரும்பகுதி குனிந்த முதுகின்மேல் நடைபெறுகிறது. வீராணம் ஏரியின் பாசனத்தை நம்பியுள்ள காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களில் நாற்று பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் இடுப்பை வளைத்தே செய்யப்படும் வேலைகள். அறுவடைக்குப் பின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகளை முதுகிலேற்றிச் சுமப்போர், பண்ருட்டிப் பக்கத்தில் தரையில் அமர்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள், தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வலை இழுப்போர், நெய்வேலிச் சுரங்கங்களில் அதிரும் கனரக வண்டிகளின் இருக்கையில் பணிநேரம் முழுதும் அமர்ந்திருப்போர் ஆகிய எல்லோருக்கும் பொதுவான நோவு இடுப்புவலியே ஆகும். அதனை அவர்கள் "இடுப்புப் பிடிப்பு" என்றும் "வாயுப் பிடிப்பு" என்றும் சொல்வர். வலி காலுக்கு இறங்கினால் "நரம்பு இழுக்கிறது" என்பர். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவராயின் "ஜவ்வு விலகிவிட்டது" என்பர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தனர். 2050க்குள் அத்தொகை 84.3 கோடியை எட்டக்கூடும். கையால் எலும்பு மூட்டுகளை அசைத்துச் செய்யும் சிகிச்சையும் உடற்பயிற்சியும் இவ்வலிக்கு எந்த அளவில் துணைசெய்யும், இரண்டும் எவ்வகையில் இணைய வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கீழே ஒன்றாக இணைந்துவிட்ட திருவெலும்பின் மேலும் வால் எலும்பின் மேலும் நிற்கின்றன. பெரும்பாலான முள்ளெலும்புகளுக்கிடையே நார்வளையமும் அதன் நடுவில் நீர்ச்சத்து மிக்க கூழ்ப்பொருளும் கொண்ட தட்டு ஒன்று உண்டு. மக்கள் வழக்கில் ஜவ்வு எனப்படுவதும் மருத்துவர் டிஸ்க் என்பதும் இதுவே. வளர்ந்தவரின் உடலில் இத்தட்டின் உட்பகுதிக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போது உள்ளும் புறமும் நகரும் நீர்மத்தின் வழியாகவும் மெல்லக் கசிந்து பரவும் சத்துக்களாலுமே அது பிழைக்கிறது. ஆகவே நாள்கணக்கில் அசையாமல் கிடப்பதும், மணிக்கணக்கில் ஒரே நிலையில் வளைந்திருப்பதும், வெளித்தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும், இத்தட்டைப் பொறுத்தவரை ஒரே வகையான இடர்ப்பாட்டையே விளைவிக்கின்றன.

கைரோபிராக்டிக் எனப்படும் மருத்துவமுறை அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் 1895இல் டேனியல் டேவிட் பால்மர் என்பவரால் தொடங்கப்பட்டது. முள்ளெலும்புகள் இம்மியளவு இடம்பெயர்ந்து நரம்புகளை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றும், அவற்றைக் கையால் தள்ளி நேராக்கினால் நோய் தீரும் என்றும் அவர் கருதினார். காது கேளாத ஒருவரின் முதுகைச் சரிசெய்து கேட்கும் திறனை மீட்டதாகவே அவருடைய முதல் வெற்றி சொல்லப்படுகிறது. அக்கொள்கையைப் பிற்கால உடலியல் ஆதரிக்கவில்லை. இன்று அத்துறையினரிலேயே பலர் அதனைக் கைவிட்டு, முதுகுவலி, கழுத்துவலி ஆகியவற்றின் சிகிச்சையாளர்களாகவே தம்மை வரையறுத்துக்கொள்கின்றனர். இந்தியாவில் இம்முறைக்கெனத் தனிச் சட்டவழிக் கவுன்சில் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைநல மற்றும் உடல்நலத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இயன்முறை மருத்துவருக்கு, அதாவது பிசியோதெரபிஸ்டுக்கு, இடம் உண்டு. கைரோபிராக்டருக்குத் தனிப் பிரிவு இல்லை. ஆகவே கடலூரிலோ சிதம்பரத்திலோ பெயர்ப்பலகையில் இச்சொல்லைக் காண்பவர், பலகைக்குப் பின்னுள்ளவர் எப்படிப்பைப் படித்தவர் என்று கேட்டறிவதில் தவறேதுமில்லை.

பெயர் புதிதாயினும் தொழில் இம்மண்ணுக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் வகுத்த 32 புறமருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக அது பகுக்கப்படுகிறது. இவற்றுள் முறுக்கலும் இழுத்தலும் அசைத்தலும் மேலைநாட்டுக் கைமுறைச் சிகிச்சையாளர் இன்று செய்வனவற்றோடு பெரிதும் ஒத்தவை. அதற்கு வெளியே வர்ம ஆசான்கள் உண்டு. ஊருக்கு ஊர் சுளுக்கு எடுப்போர் உண்டு. முடிதிருத்தகத்தில் தலைக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததும் கேளாமலேயே கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துவிடும் வழக்கமும் உண்டு. இக்கடைசி வழக்கம் உடனே கைவிடத்தக்கது என்பதற்கான காரணம் பின்னர் வரும். இங்கே சொல்ல வேண்டியது, கடலூர் மாவட்டத்தில் கைத்தொழில் வல்லாருக்குப் பஞ்சமில்லை என்பதே. பஞ்சம் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது.

கை என்ன செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது முதற்கடமை. மூட்டினை அதன் இயல்பான எல்லைவரை கொண்டுசென்று, அங்கே குறுகிய தூரத்திற்கு வேகமாக ஒரு தள்ளு கொடுப்பது ஒருவகை. வேகமின்றி மெல்ல மெல்ல அசைப்பது மற்றொரு வகை. முதல் வகையில் எழும் "சடக்" என்ற ஒலியை விலகிய எலும்பு தன் இடத்தில் வந்து பொருந்திய ஓசையாகவே மக்கள் கொள்கின்றனர். உண்மையில் அது மூட்டுக்குள் இருக்கும் நீர்மத்தில் அழுத்தம் சட்டென்று குறைவதால் வளிக்குழி ஒன்று தோன்றும்போது எழுவதாகும். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டொன்றை இழுக்கும்போதே காந்தப் படக்கருவியில் பதிவுசெய்து இதனைக் காட்டினர். ஒலி எழுந்தால் சிகிச்சை பலித்தது என்பதும், எழாவிட்டால் பலிக்கவில்லை என்பதும் ஆதாரமற்றவை. கைபேசித் திரையில் அவ்வொலிக்காகவே பரப்பப்படும் காணொளிகளால் இம்மயக்கம் இன்று பெருகியிருக்கிறது. தள்ளு உண்மையில் செய்வது வலியுணர்வை நரம்பு மண்டலத்தின் அளவில் சிறிது நேரம் தணிப்பதும், வலிக்கு அஞ்சி இறுகிக்கிடந்த தசைகளைத் தளர்த்துவதுமே ஆகும். அந்தத் தளர்ச்சி மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நிற்கும். மாதக்கணக்கில் தானாக நிற்பதில்லை.

வலி போனதும் முதுகு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்நினைப்பு பிழையென்று காட்டிய ஆய்வொன்று 1996இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து வெளிவந்தது. முதுகெலும்பை ஒட்டி, முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு தொற்றி, அடுக்கு குலையாமல் காக்கும் மல்டிஃபிடஸ் என்னும் ஆழ்தசை, முதன்முறை வலி வந்த சில நாள்களிலேயே வலித்த பக்கத்தில் சுருங்கிவிடுவதையும், வலி முழுதும் தீர்ந்து நோயாளி வேலைக்குத் திரும்பிய பிறகும் தானாக மீண்டும் பருக்காமலிருப்பதையும், அதற்கென வகுத்த பயிற்சியைச் செய்தோருக்கு மட்டுமே அது மீள்வதையும் ஒலியலைப் படங்களின் வழியாக அவ்வாய்வாளர்கள் கண்டனர். சிறு எண்ணிக்கையினரான அதே நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, ஓராண்டுக்குள் மீண்டும் வலி கண்டவர்கள் பயிற்சி செய்தோரில் 30 விழுக்காடாகவும், செய்யாதோரில் 84 விழுக்காடாகவும் இருந்தனர். மடையைத் திறப்பதோடு பாசனம் முடிந்துவிடுவதில்லை. கை வலியைத் தணித்துத் தரும் அந்தச் சில நாள்களுக்குள் தசைக்குப் பயிற்சி தொடங்காவிட்டால், "போன மாதந்தான் பிடிப்பு எடுத்தேன், மறுபடியும் பிடித்துக்கொண்டது" என்று நோயாளி அதே திண்ணைக்குத் திரும்புவார்.

இரண்டையும் இணைத்துப் பார்த்த பெரிய சோதனை பிரிட்டனில் நடைபெற்றது. 181 பொதுமருத்துவர் நிலையங்களைச் சேர்ந்த 1,334 முதுகுவலியாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2004இல் வெளியான அச்சோதனையில், வழக்கமான நல்ல மருத்துவம் மட்டும், அதனோடு உடற்பயிற்சி, அதனோடு கைமுறைச் சிகிச்சை, அதனோடு கைமுறைச் சிகிச்சையும் அதைத் தொடர்ந்து பயிற்சியும் என நான்கு வழிகள் ஒப்பிடப்பட்டன. அன்றாட வேலைகளில் ஏற்படும் முடக்கத்தை 24 புள்ளிகளில் அளக்கும் அளவுகோலில், வழக்கமான மருத்துவத்தைவிட மூன்று மாத முடிவில் பயிற்சி 1.4 புள்ளியும், கைமுறை 1.6 புள்ளியும், இரண்டும் இணைந்தது 1.9 புள்ளியும் கூடுதல் பயன் தந்தன; ஓராண்டு முடிவில் பயிற்சிமட்டும் பெற்றோரின் கூடுதல் பயன் தெளிவாக நிற்கவில்லை, கைமுறை 1.0 என்றும் இணைந்தது 1.3 என்றும் நின்றன. இவை பெரிய எண்கள் அல்ல என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. முதுகுவலியை ஒரே அடியில் ஒழிக்கும் சிகிச்சை உலகில் எங்கும் இல்லை. இருக்கும் சிறு பயன்களுள் இணைந்த வழியின் பயன் சற்றே பெரிது என்பதே நேர்மையான கூற்று. 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் நோயாளிக்கு அறிவூட்டல், உடற்பயிற்சி, முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சை, உருவுதல் ஆகியவற்றை ஏற்றுக்கொண்டு, இடுப்புக்கச்சை அணிவதையும் எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமான கவனிப்பின் பகுதியாகப் பரிந்துரைக்கவில்லை. மருந்துக்கடைகளில் இடுப்புப் பெல்ட்டுகள் விற்கப்படும் அளவை நோக்க, இக்கடைசிப் பரிந்துரை போதிய அளவு பரவவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும்; அது நகரத்து அறைகளில் எழுவதைவிட வயலோரத்தில் வலுவாக எழும். விடியலிலிருந்து உச்சிவரை நடவு நட்டவருக்கும், நாள் முழுதும் மூட்டை சுமந்தவருக்கும் மேலும் எதற்கு உடற்பயிற்சி என்பதே அம்மறுப்பு. இதனை அறியாமை என்று தள்ளுவது பிழை. இதற்கு விடை சொல்ல வேண்டும். உழைப்பு என்பது ஒரே திசையில், வேலை கேட்கும் வேகத்தில், ஓய்வு உடலின் கையில் இல்லாமல் திரும்பத் திரும்ப ஏறும் பளு. பயிற்சி என்பது பல திசைகளில், உடல் தாங்கும் அளவிற்குச் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, இடையிடையே ஓய்வளிக்கப்படும் பளு. முன்னது தசைக்கும் நாருக்கும் தேய்மானத்தைத் தரும்போது பின்னது அவற்றிற்கு வலுவைத் தருகிறது. 1992இல் கனடாவின் வாட்டர்லூவில் நிகழ்ந்த ஆய்வொன்றில், இருபது நிமிடம் முழுதும் குனிந்திருந்தவர்களின் முதுகுநார்கள் நெகிழ்ந்து நீண்டுவிட்டன என்பதும், நிமிர்ந்து இரண்டு நிமிடம் ஆன பிறகு அந்நெகிழ்ச்சியில் பாதியளவே மீண்டது என்பதும், அரைமணி கடந்தும் எச்சம் இருந்தது என்பதும் அறியப்பட்டன. நெகிழ்ந்த நார்கள் மூட்டைக் காக்கும் திறன் குறைந்தவை. நெடுநேரம் குனிந்து நாற்று பறித்த பெண் நிமிர்ந்த கையோடு ஈர நாற்றுக்கட்டைத் தூக்கும் அந்த நொடியில் இடுப்பு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே ஆகலாம்; கட்டைத் தூக்குமுன் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்பக்கமாகச் சில முறை வளைந்து, வரப்பில் பத்தடி நடந்துவிட்டுத் தூக்குவது செலவில்லாத தற்காப்பு.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது விடியற்காலை. இரவுப் படுக்கையில் எடை நீங்கிய தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால் மனிதர் காலையில் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கின்றனர். பருத்த தட்டு வளைவுக்கு எளிதில் இணங்காமையால், எழுந்த முதல் மணிநேரத்தில் ஆழமாகக் குனிவது அதற்கு மிகுந்த அழுத்தத்தைத் தருகிறது. நாட்பட்ட வலியுடையோர் அந்நேரத்தில் குனிவதைத் தவிர்த்தாலே வலி குறைவதாக 1998இல் அமெரிக்காவில் வெளியான சோதனை ஒன்று காட்டியது. தமிழ்நாட்டுப் பெண்ணின் நாளோ சரியாக அந்த நேரத்தில், குட்டைத் துடைப்பத்தால் வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, குனிந்து கோலமிடுவதில் தொடங்குகிறது. கோலத்தை விடச் சொல்லும் மருத்துவரைச் சிதம்பரத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். நீண்ட கைப்பிடித் துடைப்பம், கோலத்திற்கு முன் வீட்டுக்குள் சிறு நடை, வளைந்து போடுவதற்குப் பதில் குந்தி அமர்ந்து போடுவது ஆகியவற்றைச் சொல்லும் மருத்துவருக்குச் செவிசாய்ப்பார்கள்.

எப்பயிற்சி என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி, 1956இல் காலுக்கு இறங்கிய வலியோடு வந்த நோயாளி ஒருவர் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் தற்செயலாகக் குப்புறக் கிடந்து வலி நீங்கப்பெற்றதைக் கண்டு, பின்வளைவுப் பயிற்சி முறையொன்றை வளர்த்தார். பார்வைக்கு அது புஜங்காசனமே. குனிந்தால் வலி கூடுவோருக்கு அது பெரும்பாலும் உதவும். பின்பக்கம் வளைந்தால் வலி கூடும் முதியோருக்கு அதுவே தீங்காகும். வாட்டர்லூவின் ஸ்டூவர்ட் மெக்கில் முன்வைத்த மூன்று பயிற்சிகள், அதாவது மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துதல், ஒருக்களித்து முழங்கையூன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துதல், நான்கு கால் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுதல் என்பன, முதுகை வளைக்காமலேயே தசைக்கு வலுவூட்டுவன. ஒரு பாயும் சிறிதளவு இடமும் போதும். எல்லாவற்றினும் எளியது நடை. முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் வெளியான சோதனையில், வாரத்தில் ஐந்து நாள் அரைமணி வரை நடக்கப் பழக்கப்பட்டோருக்கு மறுமுறை வலி வர 208 நாள்களும், பழக்கப்படாதோருக்கு 112 நாள்களும் ஆயின என்பது இடைநிலைக் கணக்கு. சிதம்பரத்தில் நான்கு தேர்வீதிகளையும் கடலூரில் வெள்ளிக் கடற்கரையையும் வைத்துக்கொண்டு நடைக்கு இடம் தேட வேண்டியதில்லை. கடற்கரையில் மட்டும் உலர்மணலை விட்டு ஈரமணலில் நடப்பது தொடக்கநிலையினருக்குத் தக்கது.

சிதம்பரத்தில் முதுகெலும்பைப் பற்றிப் பேசுமிடத்தில் நடராசர் கோயில் கோபுர வாயில்களின் 108 கரணச் சிற்பங்கள் நினைவுக்கு வராமல் இருக்க இயலாது. அவற்றை முதுகுவலிக்கு மருந்தாகக் காட்டும் இக்காலப் பேச்சு ஆர்வக்கோளாறே ஆகும்; அவற்றுள் சில, வலியுடைய முதுகை நேரே மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியவை. ஆயினும் தலையைப் பின்னால் தாழ்த்தி வில்லாக வளைந்து நிற்கும் அவ்வுருவங்கள், படிப்படியாக ஏற்றப்பட்ட பளுவுக்கு முதுகெலும்பு எவ்வளவு இணங்கும் என்பதற்குச் சான்று. 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நடைபெறும் நாட்டியாஞ்சலிக்கு வரும் ஆடற்கலைஞர்கள் அரைமண்டியில் நெடுநேரம் நிற்கும்போது இடுப்பின் உள்வளைவு மிகுந்து கீழ்முதுகு வலிப்பதுண்டு; அடவுப் பயிற்சிக்கு மேல் வயிற்றுத் தசைக்கும் தொடைத் தசைக்கும் தனிப் பயிற்சி அவர்களுக்கும் தேவைப்படுகிறது. நடவுப் பெண்ணுக்குச் சொன்ன விடை நர்த்தகிக்கும் பொருந்துகிறது.

கைமுறைச் சிகிச்சைக்கு எல்லைகள் உண்டு. இந்நாட்டில் அவ்வெல்லைகள் மேலைநாட்டு நூல்கள் சொல்வதினும் நெருக்கமானவை. காரணம், காசநோய். நுரையீரலை விட்டு முள்ளெலும்பைத் தாக்கும் காசநோயைப் பற்றி இங்கிலாந்தின் பெர்சிவால் பாட் 1779இலேயே எழுதினார். அறுவையின்றி மருந்தாலேயே பெரும்பாலோரை நடமாட வைத்துக் குணப்படுத்த இயலும் என்பதை நிலைநாட்டிய ஆய்வுகளில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் பங்கு பெரிது. அந்நோய் அரித்த முள்ளெலும்பின்மேல் வேகத் தள்ளு விழுந்தால் கால்கள் செயலிழக்கக்கூடும். ஆகவே மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் படுத்தும் தணியாத வலி ஆகியவற்றோடு வரும் எவர் முதுகையும், இரத்தச் சோதனையும் படமும் எடுக்குமுன் யாரும் தொடலாகாது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு அடர்த்திக் குறைவும், கால் மரத்து வலுவிழப்பதும், சிறுநீர் கட்டுப்பாடு தவறுவதும், மறைவிடத்தைச் சுற்றி உணர்ச்சி மங்குவதும் அவ்வாறே. கடைசி இரண்டும் முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நெருக்கப்படுவதன் அறிகுறிகளாதலால் அன்றே அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டியவை. கழுத்தை வேகமாகத் திருப்புவதால் மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்வது அரிதேயெனினும் பதிவாகியுள்ளது. முடிதிருத்தகத்து நெட்டியை விடச் சொன்னதற்குக் காரணம் இது.

ஸ்கேன் படத்தைக் கண்டு அஞ்சுவதும் ஒரு நோயே. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. "ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி குனியவே கூடாது" என்று படுத்துவிட்டவர், தேய்மானத்தால் முடங்குவதைவிட அச்சொல்லால் முடங்குவதே மிகுதி.

கைமுறைச் சிகிச்சையையும் உடற்பயிற்சியையும் இணைப்பதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உடற்கல்வித் துறையும் யோகா மையமும் நடந்துசெல்லும் தொலைவில் உள்ளன. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இயன்முறைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே செல்லும் ஏற்பாடும் உண்டு. தொக்கணம் முடித்த நோயாளி அன்றே அடுத்த அறைக்கு அனுப்பப்பட்டு, அவர் செய்யும் வேலைக்கேற்ற இரண்டு மூன்று பயிற்சிகளைக் கற்றுச் செல்வதும், இரு பிரிவினரும் ஒரே சீட்டில் குறிப்பெழுதுவதும், வீட்டுக்குச் செல்லும் பணியாளர் அப்பயிற்சி நடக்கிறதா என்று பார்ப்பதும் நிர்வாக ஆணை ஒன்றால் இயல்வன. தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகுமாதலால் காலமும் முக்கியம்: சம்பா நடவு நெருங்கிய பிறகோ, தை அறுவடையில் மூட்டைகள் வந்து குவிந்த பிறகோ பயிற்சி தொடங்குவதில் பயனில்லை. நடவுப் பெண்களுக்கு ஆடியிலும், கொள்முதல் நிலையச் சுமைப்பணியாளருக்குக் கார்த்திகையிலும் முகாம்கள் தொடங்க வேண்டும்.